பிள்ளைக்காரி மலையின் வாசம்

தவளைக்கல் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காரிகளின் உடம்பு வாசத்தை ஒரு கண்ணாடிக் குடுவை இழுத்துக்கொண்டு போனது மாசி மாதத்துக் காலை ஒன்றில். போனது இன்னதென்று தோட்டத்துக்கு விளங்கப் பங்குனி பிறக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வாசம் என்பது சொந்த முதுகைப் போன்றது, அடுத்தவருக்குத்தான் அது தெரியும், அதைச் சுமந்து திரிகிறவளுக்குத் தெரியாது.

குடுவையைக் கொண்டுவந்தது கால்டர் இல்லம் என்ற வாசனைத் தைலக் கம்பெனி. இந்த மலையில் முதல் தேயிலைக் கன்றை நட்டவன் என்று பங்களாச் சுவரில் படமாகத் தொங்குகிற கால்டர் துரைக்கு (அவன் கை ஒரு கன்றையும் தொட்டதில்லை, நட்டவர்கள் கன்றுகளுக்கு அடியிலேயே கிடக்கிறார்கள்) லண்டனில் ஒரு தம்பி இருந்தான். அந்தத் தம்பி பெரிய இடத்துப் பெண்களுக்கு வாசனைத் தைலம் வடித்து விற்றான், அவன் பிள்ளைகள் காலத்தில் கடை நொடித்துப் பூட்டப்பட்டது, பூட்டு துருவேறிக் கிடந்தது, இப்போது அந்த வம்சத்தில் வந்த இசபெல் என்பவள் பூட்டைத் திறந்து பெயர்ப்பலகையைத் துடைத்து, இல்லத்தை மறுபடி தொடங்குவதென்றும், முதல் வாசனை தேயிலையிலிருந்து என்றும், அதுவும் பாட்டனார் மலையிலிருந்தே என்றும் முடிவெடுத்து, வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து இறங்கினாள். லயத்து வரிசை வீட்டுச் சனம் அவளுக்கு வாசத் தொரசாணி என்று பெயர் வைத்தது.

தொரசாணியின் சப்பாத்து மலையேறுகிற சப்பாத்து அல்ல. அதனால் ரோட்டுக்கு ஆக அருகில் எந்த மலை என்று கேட்டாள். ரோட்டுக்கு ஆக அருகில் இருந்தது பிள்ளைக்காரி மலை. வேலைக்குப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில், அந்தத் தகரக்கூரைக் கட்டடத்தில், ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், அப்படிப்பட்ட பிள்ளைக்காரிகளை மட்டும் மடுவத்துக்கு நேர் கீழேயுள்ள மலையில் கொழுந்தெடுக்கப் போடுவது தோட்டத்து வழக்கம், பால் நேரத்தில் ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடிப்போக வசதியாக. உலகத்தில் எத்தனையோ பேருக்கு வாசம் உண்டு, ஆனால் ஒரு வெள்ளைச் சப்பாத்தில் மண் ஒட்டக் கூடாது என்பதற்காக, பால் கொடுக்கிற பெண்களின் வாசம் எடுக்கப்பட்டது.

முதலில் அவள் குடுவையை ஒரு செடியின்மேல்தான் கவிழ்த்தாள். குடுவையின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போயிற்று, குழாயின் நுனியில் ஒரு பெட்டி வண்டு போல ரீங்கரித்தது. வந்த வாசத்தை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். வெறும் பச்சைப் புல். அந்தச் சமயம் பார்த்துக் காற்று திரும்பியது, கீழ் நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கமிருந்து, நசுங்கிய கொழுந்தும் வேர்வையும் விறகுப் புகையும் முலைப்பாலும் வெயில் பட்ட தோலுமாக, ஒரே நூலில் கோத்தது போல ஒன்று வந்தது. தொரசாணி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சின்னத்தொர சந்திரபோசைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

சந்திரபோஸ் இதே லயத்தில் பிறந்து படித்து, தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கு அடுத்த சின்னத்தொரையானவன். அவன் பெண்களை வரிசையாக வரச்சொன்னான்.

"ஒண்ணும் வலிக்காது. கையை இதுக்குள்ள போடுங்க, அவ்வளவுதான்."

கையில் இருப்பதை ஒன்றுக்குள் போடுவது என்றால் அதற்கு இந்த மலையில் ஒரு சொல் உண்டு. காலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது பெண்கள் "பொலி, பொலி" என்பார்கள், இருப்பதெல்லாம் பெருகி வந்து இதற்குள் நிறையட்டும் என்று. முதலில் கையை நுழைத்த ரெங்கநாயகி பழக்க தோசத்தில் "பொலி" என்றாள், அடுத்தவள் அதைச் சொன்னாள், அதற்கடுத்து யோகமலர் சொன்னாள், கடைசிப் பெண்வரை எல்லோரும் சொன்னார்கள். தொரசாணி கேட்டது ஒரு துளி. வாயிலிருந்து வந்த சொல் உள்ளது முழுவதையும் கொடுத்துவிட்டது.

பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மறுபடி கொழுந்தெடுக்கப் போனார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டி கிடைத்தது.

முதலில் நாய்களுக்குத் தெரிந்தது. யோகமலர் வேலை முடிந்து லயத்துக்கு வந்தபோது அவள் வீட்டு நாயே வாசலை மறித்து நின்று குரைத்தது. "ஏய், நாந்தான்டா" என்று அவள் சொன்னதும் குரலைக் கேட்டு வாலை ஆட்டியது, கிட்ட வந்து முகர்ந்தது, மறுபடி குரைத்தது. அன்று சாயங்காலம் பிள்ளைக்காரிகள் இருக்கிற வீட்டு வாசலில் எல்லாம் நாய்கள் இப்படி ஆட்டுவதும் குரைப்பதுமாக நின்றன.

பிறகு அட்டைகளுக்குத் தெரிந்தது, அல்லது தெரியாமல் போனது. மழை பெய்தால் இந்த மலையில் புல்லுக்கு ஒரு அட்டை தலை நீட்டும், காலில் சவுக்காரமும் புகையிலையும் குழைத்துப் பூசிக்கொண்டுதான் பெண்கள் நிரைக்குள் இறங்குவார்கள், அப்படியும் இரத்தத்தோடுதான் ஏறுவார்கள். இப்போது பிள்ளைக்காரிகள் நடந்து போன இடத்தில் அட்டைகள் தலையைத் தூக்கிக் காற்றில் துழாவிவிட்டு, யாரும் வரவில்லை என்று மறுபடி சுருண்டுகொண்டன. பெண்களுக்கு இது சந்தோசம். பெரிய தொரைக்கு அதைவிடச் சந்தோசம், நின்று நின்று அட்டை பிடுங்குகிற நேரமெல்லாம் கொழுந்தாகிவிட்டதே. அவர் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்தில், இந்தப் பெண்களை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார்.

"நாங்க நல்லா வேலை செய்யலடி," என்றாள் ரெங்கநாயகி, "எங்கள அட்டையே மதிக்கல."

மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாமியாடி வீரய்யாவுக்கு அருள் வந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு பூசிக்கொண்டு வந்தவர், பிள்ளைக்காரிகள் நின்ற இடத்தில் பூசாமல் தாண்டிப் போய் அடுத்த ஆள் நெற்றியில் பூசினார். "ஆத்தா, நாங்க நிக்கிறோம்" என்று பெண்கள் சொன்னார்கள். ஆத்தா திரும்பிப் பார்த்து, இல்லாத இடத்திலிருந்து குரல் வருகிறதே என்பது போலச் சிரித்துவிட்டு அப்பால் போனாள். அருள் இறங்கிய பிறகு வீரய்யா அவர்கள் கையில் திருநீறைக் கொட்டி, "நீங்களே பூசிக்கங்கம்மா, நான் என்னா செய்ய" என்றார். அவர்களே பூசிக்கொண்டார்கள். அதற்கும் பழகிக்கொண்டார்கள். அநியாயம் இந்த மலைக்கு எப்போதும் இப்படித்தான் வந்திருக்கிறது, முதலில் ஒரு வேடிக்கையாக, பிறகு ஒரு பழக்கமாக.

பிள்ளைகளுக்கு மட்டும் பழகவில்லை.

யோகமலரின் மகள் தர்ஷிகா அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். குடுவை வந்துபோன நாளின் பால் நேரத்திலேயே அவள் முகத்தைத் திருப்பினாள், சளி பிடித்திருக்கும் என்று யோகமலர் நினைத்தாள். மறுநாள் பிள்ளை அவளை நன்றாக உற்றுப் பார்த்தது. சிரித்தது. பிறகு மடியில் கிடந்து, எல்லாப் பிள்ளைகளும் செய்வது போலக் கழுத்தடியில் மூக்கை வைத்துத் தேடியது. அங்கே யாரும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்த ஏதோ ஒன்றின் மடியில் கிடக்கிறோம் என்று விளங்கியதும், உடம்பை வில்லாக வளைத்து அலறியது. மடுவம் முழுக்க அதே அலறல்.

"மொகம் தெரியுது, கொரல் தெரியுது, ஆள் தெரியலங்குதுக," என்றாள் பாக்கியம் ஆயம்மா. அவள் எத்தனையோ பிள்ளைகளைத் தொட்டிலாட்டியவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த மிட்வைஃப் யோகமலரின் கழுத்தை முகர்ந்தாள், கையை முகர்ந்தாள், திகைத்துப்போய்த் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "பழைய துணி இருந்தா எடு. துவைக்காத துணி. அதைப் போத்திக்கிட்டுக் குடு" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் லயத்தில் துவைக்காத துணி ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டுத் தொரசாணி வருகிறாள், போட்டோ பிடிப்பார்கள், நம்மை அழுக்கென்று சொல்லிவிடக் கூடாது என்று, முதல் நாளே பாய், தலையணை, கந்தல்வரை ஒன்று விடாமல் ஆற்றில் போட்டு அடித்து வெளுத்திருந்தார்கள்.

பால்மாவைக் கரைத்து ஆயம்மா கரண்டியால் ஊட்டினாள். அதில் பாதி வாந்தியாக வந்தது. யோகமலரின் மார்பு கல்லாகக் கனத்தது. அவள் நிரைக்குள் குந்தி, தேயிலைத் தூரில் பாலைப் பீய்ச்சிவிட்டு எழுந்து கொழுந்தெடுத்தாள். கொழும்பில் கடை வேலையில் இருந்த அவள் புருசன் போனில், "புள்ள எப்படி?" என்று கேட்டான். "எடை கொறையுது" என்றாள். 

பங்குனியில் வாசத் தொரசாணி திரும்பி வந்தாள். வாசனை தயாராகிவிட்டது, "முதல் கொழுந்து" என்று பெயர், பிறந்த மண்ணிலேயே அறிமுக விழா, பங்களா முழுக்க வெள்ளைக்கார விருந்தாளிகள். வண்டி லயத்து ரோட்டில் ஏறியபோது ஒரு காரியம் நடந்தது. பிள்ளைக்காரி வீட்டு நாய்கள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு, ஊளையிட்டுக்கொண்டு, காணாமல் போனவர் வந்துவிட்டது போல வண்டிக்குப் பின்னால் ஓடின.

"நம்ம நாய்க்கெல்லாம் இங்கிலீசு வந்துருச்சு," என்றாள் ரெங்கநாயகி. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

படம் பிடிக்கிறவர்களோடு தொரசாணி பிள்ளைமடுவத்துக்குள் நுழைந்தாள். கழுத்தில் ஒரு துளி, மணிக்கட்டில் ஒரு துளி பூசியிருந்தாள். பாயில் சோர்ந்து கிடந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தூக்கின. தவழ்கிறது தவழ்ந்தது, நகர்கிறது நகர்ந்தது, எதுவும் முடியாதது கிடந்த இடத்திலேயே கையைக் காலை உதைத்து வாயைத் திறந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஒரு துளிக்குள் தன் தாய் நின்றுகொண்டிருந்தாள். தொரசாணி உருகிப்போய்க் கீழே உட்கார்ந்து தர்ஷிகாவைத் தூக்கினாள், தர்ஷிகா அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, பட்டுச் சட்டைக்கு மேலேயே வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். கேமராக்கள் மின்னின.

"கொழந்தைங்களுக்குப் பொய் தெரியாதுங்கிறாங்க," என்று சந்திரபோஸ் ஆயம்மாவுக்கு மொழிபெயர்த்தான். "இதைவிடப் பெரிய பாராட்டு வேணாமாம்."

அந்த நேரம் பால் மணி அடித்தது. யோகமலர் மலையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்து அவள் முகத்தில் அறைந்தது. தன் வாசம் தனக்குத் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் தன் தலையணை தெரியும், பிரசவம் கழிந்து படுத்த பாய் தெரியும், கழற்றிப் போட்ட சட்டையைக் கையில் எடுக்கிற கணம் தெரியும். அவையெல்லாம் ஒரு வெள்ளைக் கழுத்திலிருந்து வந்தன, அந்தக் கழுத்தில் அவள் பிள்ளை பசியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னோட வாசம்," என்றாள் யோகமலர்.

சந்திரபோஸ் தொரசாணியிடம் ஏதோ சொன்னான். தொரசாணி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

"என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நல்ல வாசம்னு நீ சொன்னதா சொன்னேன்."

"நான் அதையா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான். போ, புள்ளைய வாங்கு."

"ஒண்ணுன்னா நான் சொன்னதையே சொல்லுங்க தொர. என்னா கொறஞ்சு போகுது?"

அவன் சொன்னான். தொரசாணி பொறுமையாக, அன்பாக, கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னாள். இந்த மலைப் பெண்களுக்குக் காணிக்கை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறதாம். ஈரப் பனி, நசுங்கிய இலை, வெயில் பட்ட தோல், இவைதான் வாசனையின் உயிராம்.

"தோலு யாரோடதாம்?" என்று பின்னாலிருந்து ரெங்கநாயகி கேட்டாள். "காணிக்கைன்னா சாமிக்குப் போடுறது. சாமிகிட்டேர்ந்து எடுக்கிறதுக்கு வேற பேரு."

சந்திரபோஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. தொரசாணி சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் சொன்னான். "வாசம் யாருக்கும் சொந்தமில்லையாம். காத்து மாதிரியாம்."

"அப்ப போத்தலுக்கு மூடி எதுக்கு?" என்றாள் யோகமலர்.

பிள்ளையை வாங்கினாள். தொரசாணியின் கழுத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தர்ஷிகா, பெற்றவளின் தோளில் கிடந்து, போகிற வண்டியைப் பார்த்துக் கை நீட்டி அழுதாள்.

தொரசாணி கெட்டவள் இல்லை, கெட்டவர்களால் இவ்வளவு தூரம் செய்ய முடியாது. அவள் நடந்ததைக் கேட்டு வருந்தி, ஒரு பெரிய போத்தலைத் தோட்டத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். பெரிய தொர அதைக் கந்தோரில், தோட்டத்து ஆபீசில், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து பெரட்டில் பேர் கொடுத்த பிறகு, பிள்ளைக்காரிகள் தனி வரிசையில் வந்து கழுத்தைச் சாய்த்து நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை போத்தலின் தலையை ஒரு முறை அமுக்குவார், புஸ் என்று ஒரு தூறல் விழும். அதற்கு வாசம் போடுவது என்று பெயர் வந்தது. காலைப் பால் நேரத்தில் பிள்ளைகள் தாயைக் கண்டுபிடித்துக் குடித்தன. வெயில் ஏற ஏறத் தாய் கரைந்தாள், மத்தியானப் பால் நேரத்தில் பாதி ஆள்தான் இருந்தாள், சாயங்காலம் மறுபடி யாருமில்லை.

தோட்டம் இதற்கும் பழகிக்கொண்டது. பிள்ளையில்லாத பெண்கள், "ஓசியில சென்ட் அடிச்சுக்கிட்டு மலைக்குப் போறாளுக" என்று முகத்தைத் திருப்பினார்கள். "நம்ம புள்ளைக்குச் சளி, எனக்கு ஒரு அமுக்கு கூடப் போடுங்கய்யா" என்று ரெங்கநாயகி கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிப் பார்த்தாள். தொழிற்சங்கத்துத் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து இந்தக் கொடுமையைக் கண்டு கொதித்து, கந்தோருக்குள் போய்ப் பேசி, ஒரு அமுக்கு என்பதை இரண்டு அமுக்கு என்று ஆக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெடி கொளுத்தினார்கள். மாலை போட்டார்கள். பெற்ற தாய் தன் உடம்பின் வாசத்தை வரிசையில் நின்று வாங்குவது ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை, இரண்டு அமுக்கு கிடைத்த சந்தோசம் அப்படி.

போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியதும் புது உத்தரவு வந்தது. முதல் நாள் கொழுந்து நிறை குறைந்தவர்களுக்கு மறுநாள் வாசம் கிடையாது.

தர்ஷிகாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. யோகமலர் பால் நேரமில்லாத நேரத்திலும் மடுவத்துக்கு ஓடினாள், கூடை நிறையவில்லை. மறுநாள் அவள் கழுத்தைச் சாய்த்தபோது கணக்கப்பிள்ளை போத்தலை அடுத்தவள் பக்கம் கொண்டுபோனார்.

"என்னயப் பாத்து மொறச்சா? மேலேர்ந்து வந்த உத்தரவு புள்ள."

"என் வாசத்தை எனக்குக் குடுக்க ஒங்களுக்கு உத்தரவு வேணுமாய்யா?"

"நிறையக் கொண்டா, போடுறேன். எனக்கென்ன, எங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"இல்ல," என்றாள் யோகமலர். "எங்கப்பன் வீட்டுச் சொத்து."

வாசம் இல்லாத நாளில் பிள்ளை குடிக்கவில்லை, பிள்ளை குடிக்காத நாளில் அவள் கை ஓடவில்லை, கை ஓடாத நாளுக்கு மறுநாள் வாசம் இல்லை. தர்ஷிகாவின் விலா எலும்பு தெரியத் தொடங்கியது. கண்கள் பெரிதாகின. அழுகை சின்னதாகியது, அதுதான் யோகமலரைக் கிலி பிடிக்க வைத்தது. வரிசையில் போய் நின்று கெஞ்சுவதை அவள் நிறுத்திவிட்டாள், கோபத்தால் பாதி, நிற்க நேரமில்லாமல் மீதி. பிள்ளையின் காய்ச்சல் நெற்றியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள், வேர்த்தாள், அடுப்பு ஊதினாள், மலையில் நனைந்தாள், மறுபடி வேர்த்தாள்.

அப்படி ஒரு காலையில் நிரைக்குள் நிற்கும்போது கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். ஒரு அட்டை. கொழுத்து, கறுத்து, இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, இத்தனை பெண்களில் அவளைத் தேடி வந்து கடித்துக்கொண்டிருந்தது. யோகமலர் அதைப் பிடுங்கவில்லை. கூடையைக் கழற்றி அங்கேயே போட்டாள், கங்காணி கத்தக் கத்த மேலே ஏறினாள், அட்டை தொங்கும் காலோடு மடுவத்துக்குள் போய்த் தர்ஷிகாவைத் தூக்கினாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. மெதுவாக, நம்பிக்கையில்லாமல், ஏமாந்து ஏமாந்து சலித்த ஒரு பெரிய மனுசியைப் போல அது கழுத்தடிக்கு வந்தது, நின்றது, மறுபடி முகர்ந்தது. பிறகு வாயைத் திறந்தது.

பாக்கியம் ஆயம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ரெங்கநாயகி வந்து யோகமலரின் தோளை முகர்ந்து பார்த்தாள். "வந்துருச்சுடி," என்றாள். "ஒனக்கு மட்டும் எப்படிடி?"

"அவுங்க பூசுற வரைக்கும் இது வராதுக்கா. எடுத்தது ஊறி வர நாளாகும், அதுக்குள்ள மேல ஒண்ணு பூசிட்டா தோலு ஏன் வேலை செய்யும்? நீங்களும் நிப்பாட்டிப் பாருங்க."

"நிப்பாட்டுனா அது வரைக்கும் எம்புள்ள பட்டினியா கெடப்பானா?"

"நான் குடுக்குறேன்."

கொடுத்தாள். தாய் முகத்தில் யாருமில்லாமல் இருப்பதைவிட வேறு யாரோ ஒருத்தியாவது இருப்பது மேல் என்று அந்தப் பிள்ளைகள் முடிவெடுத்தன. யோகமலர் தன் பிள்ளைக்குக் கொடுத்து ரெங்கநாயகியின் பிள்ளைக்குக் கொடுத்தாள், ரெங்கநாயகிக்கு வாசம் திரும்பியதும் அவள் இன்னும் இரண்டு வாய்களை ஏற்றுக்கொண்டாள், அப்படியே ஒருத்தியிலிருந்து ஒருத்திக்கு, விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல மலை முழுக்கப் பரவியது. பெரட்டில் தனி வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கணக்கப்பிள்ளை போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றார். தான் கொடுக்கிற ஒன்றை வாங்க ஆளில்லாமல் அவர் வாழ்க்கையில் நின்றது அன்றுதான்.

கொழும்பிலும் லண்டனிலும் வேறு விதம். "முதல் கொழுந்து" வந்த வேகத்தில் தீர்ந்து போயிற்று, வாங்கியவர்கள் மறுபடி கேட்டார்கள், கால்டர் இல்லம் எத்தனை பூவையும் எத்தனை மருந்தையும் கலந்து பார்த்தும் அந்தத் தோலின் வாசம் வரவில்லை. அதனால் தொரசாணி மூன்றாம் தடவை வந்தாள். இந்தத் தடவை குடுவை பெரிது, தோள்வரை கை நுழைகிற அளவுக்கு. மடுவத்து மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்தார்கள். பெட்டி ரீங்கரித்தது. பெரிய தொர ஓரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

பால் நேரம். பிள்ளைக்காரிகள் சுவரோடு முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் பிள்ளை.

"மடுவத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தர்றாங்களாம்," என்றான் சந்திரபோஸ். "செவத்துல யானை, மயில் எல்லாம் வரைஞ்சு. கொஞ்சம் எந்திரிச்சு வாங்க. ரெண்டு நிமிசம்."

"புள்ள குடிக்குதுங்க," என்றாள் ரெங்கநாயகி.

"குடிச்ச பெறகு வாங்க."

"குடிச்ச பெறகும் பசிக்குங்க."

யாரோ சிரித்தார்கள். சந்திரபோஸ் குரலைத் தாழ்த்தினான். "வெளயாடாதீங்க. பெரிய தொர சொல்லிட்டாரு. கை குடுக்கலேன்னா நாளையிலேர்ந்து நீங்க எல்லாம் மேல் மலைக்கு. அங்கேர்ந்து பால் நேரத்துக்கு எப்படி வருவீங்க? யோசிச்சுப் பாருங்க. நான் ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தம்பி," என்றாள் பாக்கியம் ஆயம்மா மூலையிலிருந்து. தொர என்று கூப்பிடவில்லை. "இந்த வழக்கம் வர்றதுக்கு முன்னால ஒங்கம்மா மேல் மலையிலேர்ந்துதான் ஓடி வருவா. மூச்சு வாங்க, படியில நின்னுக்கிட்டே ஒனக்குக் குடுத்துட்டு ஓடுவா. அந்தா, அந்தப் படியில."

சந்திரபோஸ் படியைப் பார்க்கவில்லை. குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யோகமலர் தலையை நிமிர்த்தினாள். தர்ஷிகாவின் கை அவள் சட்டை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், இந்தத் தடவை அப்படியே சொல்லுங்க. இது குடுக்கிறதுக்கு உள்ளது இல்ல. அலங்காரத்துக்கு உள்ளது இல்ல. இருட்டுல, கண்ணத் தொறக்காம, இது என் அம்மான்னு எம்புள்ள தெரிஞ்சுக்கிறதுக்கு உள்ளது. மேல் மலைக்குப் போடுங்க, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுப் போறோம். அங்க எங்க பசிக்குதோ அங்க ஒக்காந்து குடுப்போம். கூடை நெறையலேன்னா நெறையாம போகட்டும்."

சந்திரபோஸ் பெரிய தொரையைப் பார்த்தான். பிறகு சொன்னான். இந்தத் தடவை அப்படியேதான் சொன்னான் என்பது தொரசாணியின் முகத்தில் தெரிந்தது. அங்கே இருந்த அன்பான சிரிப்பு, எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, போய்விட்டது.

அவள் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு கேக்குறாங்க," என்றான் சந்திரபோஸ்.

 பெட்டி ஆளில்லாத கண்ணாடிக்குள்ளிருந்து வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பால் நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. தர்ஷிகா ஒரு பக்கம் குடித்து முடித்து, வாயில் பால் வழிய, மூச்சு வாங்கினாள். யோகமலர் முந்தானையால் அந்த வாயைத் துடைத்துவிட்டு, அவளை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.